தந்தி ஆபீசும் நேர முத்திரையும்

தந்தி என்றதும் எல்லோரும் சாவுச் செய்தியைத்தான் சொல்கிறார்கள். தெருவில் தந்திக்காரர் சைக்கிளைக் கண்டதுமே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள், படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி ஓடுவார்கள், படித்துப் பார்த்தால் பேரன் பிறந்த செய்தியாக இருக்கும். நடந்ததுதான், பொய்யில்லை. ஆனால் தந்தி ஆபீசுக்குள்ளேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அந்தக் கதை போதவில்லை. ஜனங்கள் வேகத்துக்காகத் தந்தி கொடுத்தார்கள், சரி. இன்ன தேதியில், இன்ன மணிக்கு, இன்ன வார்த்தைகளை நான் சொன்னேன் என்பதற்கு அரசாங்கமே சாட்சி நிற்கும் என்பதற்காகவும் கொடுத்தார்கள். வேகத்துக்கு எத்தனையோ மாற்று வந்துவிட்டது. அந்தச் சாட்சிக்கு இன்றுவரை சரியான மாற்று வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில், விருதுநகரில். வத்தல், மல்லி, உளுந்து, எண்ணெய் என்று எதற்கெடுத்தாலும் விலை பேசுகிற ஊர். காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்பே கடைப் பையன்கள் படிவத்தோடு நிற்பார்கள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற தந்திகள். வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் வியாபாரிகள் தங்களுக்குள் குறிச்சொற்கள் வைத்திருந்தார்கள். ஒரே சொல்லில் சரக்கு, விலை, எத்தனை மூட்டை எல்லாம் அடங்கிவிடும். முகவரிக்கும் காசு உண்டு, அதனால் பெரிய கடைகள் ஒற்றைச் சொல்லில் தந்தி முகவரியைப் பதிவு செய்துவைத்திருக்கும். அவர்கள் கடிதத்தாளின் மூலையில் ‘கிராம்ஸ்’ என்று போட்டு அந்தச் சொல் அச்சாகியிருக்கும்.

குறிச்சொல் இல்லாமல் பச்சையாக விலையை எழுதுகிறவர்களும் உண்டு. வடக்கே விலை ஏறியிருக்கிறது என்பது ஊரில் முதலில் எங்களுக்குத்தான் தெரியும். டீ குடிக்க வெளியே வந்தால் தரகர் யாராவது “என்ன சார், பம்பாய்க்காரன் இன்னைக்கு என்ன சொல்றான்?” என்று தூண்டில் போடுவார். வாயைத் திறக்க மாட்டோம். 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தில், செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று இருந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தோம் என்று சொன்னால் அது எங்களைக் குறைத்துச் சொல்வதாகும். எந்த வீட்டைக் கடன்காரன் நெருக்குகிறான், எந்தப் பெண் புகுந்த வீட்டிலிருந்து ‘உடனே வந்து கூட்டிப் போங்கள்’ என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாள் என்பதெல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். மறுநாள் அதே ஆளைக் கடைத்தெருவில் பார்ப்போம். தெரியாத முகத்தோடு கடந்து போகப் பழகுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வேலையின் சிரமம் மழைக்காலத்தில்தான் தெரியும். கம்பத்தின் மேல் இருக்கிற பீங்கான் குமிழ்கள் நனைந்துவிட்டால் மின்சாரம் கம்பத்தின் வழியே பூமிக்குக் கசிய ஆரம்பிக்கும். எதிர்முனையில் இருக்கிற தந்தி ஊழியர் ஒழுங்காகத்தான் அடிப்பார், இங்கே சவுண்டர் என்ற தட்டொலிக் கருவியில் சத்தம் தேய்ந்து தேய்ந்து வரும். சவுண்டரை இயக்குகிற ரிலேயின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சுவிடுகிற சத்தம்கூட இடைஞ்சலாக இருக்கிற மாதிரி உட்கார்ந்து எழுதுவோம். மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் புள்ளி, கோடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறவரை வேலைக்கு ஆகாது, சத்தம் நேரே சொல்லாக விரலில் இறங்க வேண்டும். எழுத்து ஒன்று விழாவிட்டால் சொல்லை வைத்து ஊகித்துவிடலாம், எண்ணை அப்படி ஊகிக்க முடியாது. 300 மூட்டை 800 ஆகிவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் செய்தியில் எண்கள் இருந்தால் முடிவில் அவற்றை மறுபடி ஒருமுறை அடித்துச் சரிபார்த்துக்கொள்வோம்.

அப்புறம் டெலிபிரிண்டர் வந்தது, செய்தியைத் தானே அச்சடிக்கிற தந்தி இயந்திரம். சென்னை கிண்டியில் 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலை, இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் உதவியோடு செய்த இயந்திரங்கள். நாடா மாதிரி அச்சாகி வருகிற காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, தண்ணீர் தொட்டுப் படிவத்தில் வரிசையாக ஒட்ட வேண்டும். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகும்போது விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருக்கும். மோர்ஸானாலும் டெலிபிரிண்டரானாலும் செய்திக்கு மேலே ஒரு வரி கட்டாயம் இருக்கும்: எந்த வகைத் தந்தி, எந்த ஊரில் கொடுத்தது, தேதி, கொடுத்த மணி, மொத்தம் எத்தனை வார்த்தை. வாங்குகிற ஆபீசில் வார்த்தைகளை எண்ணிப் பார்ப்போம். கணக்கு உதைத்தால் செய்தி வெளியே போகாது, திரும்பக் கேட்டு நேர்செய்த பிறகுதான் தந்திக்காரர் பைக்குப் போகும். அவர் வீட்டில் கொடுக்கும்போது ரசீதில் கையெழுத்தும் நேரமும் வாங்கி வருவார். யாருமே படிக்காத அந்த முதல் வரியில்தான் தந்தியின் பலமே இருந்தது.

வாழ்த்துத் தந்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட பட்டியலில் வாழ்த்துகளுக்கு எண் உண்டு, தீபாவளிக்கு 1, கல்யாணத்துக்கு 8. கம்பியில் எண் மட்டும் போகும், அந்தப்பக்கம் இருப்பவர் முழு வாக்கியத்தையும் படம் போட்ட படிவத்தில் எழுதி அனுப்புவார். முகூர்த்த நாளில் எட்டாம் எண் குவியும். மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லாம் ஒரே வாக்கியம், அனுப்பியவர் பெயர்தான் மாறும், ஆனாலும் சபை பொறுமையாகக் கேட்கும்.

இந்தக் கம்பியை இழுத்தவர்கள் ஜனங்களுக்காக இழுக்கவில்லை. ஓஷாக்னசி என்ற மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1850ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக்காகப் போட்டது முதல் தடம். 1852ல் பர்மாவின் ரங்கூன் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த சேதி கப்பலில் வந்து, கப்பல் துறையிலிருந்து கம்பி வழியாகக் கல்கத்தாவுக்கு ஓடியதைப் பார்த்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, நாடு முழுக்க இதைக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவுகட்டினார். ஆக்ரா, பம்பாய், சென்னை, பெஷாவர், நம் ஊட்டி வரைக்கும் கம்பி நீண்டது. பொதுமக்கள் காசு கொடுத்துத் தந்தி அடிக்கலாம் என்று திறந்துவிட்டது 1855ல். இரண்டு வருடத்தில், 1857 மே 11 அன்று டெல்லியில் கலகம் என்று அந்த ஊர்த் தந்தி ஆபீஸ் ஊழியர்கள் அம்பாலாவுக்கு அடித்த செய்தி வெள்ளைக்காரர்களை உஷார்ப்படுத்தியது. ஆள்கிறவன் குடிமகனைக் கண்காணிக்கப் போட்ட கம்பி அது. அதே கம்பியைப் பிற்காலத்தில் நம் ஜனங்கள் எதிர்த்திசையில் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மதுரைப் பக்கம் மாற்றலாகி வந்த பிறகு பார்த்தது இது. கவுண்டர் மூடப்போகிற நேரத்தில் ஒரு அம்மா வந்தார், கூடவே ஒரு வக்கீல் குமாஸ்தா. மகனை முந்தின நாள் இரவு போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த அதே வாசகத்தை நாலு பேருக்கு அனுப்ப வேண்டும்: முதலமைச்சர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, போலீஸ் டி.ஜி.பி., மாவட்ட எஸ்.பி. நான் வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கேட்டார்:

“அய்யா, இதுல மணி போடுவீங்கள்ல?”

“போடுவோம்மா. நீங்க கொடுத்த நேரம் எல்லாத்துலயும் இருக்கும்.”

“எல்லாத்துலயும் போட்டுருங்க சாமி.”

செய்தி எவ்வளவு சீக்கிரம் போகும் என்று அவர் கேட்கவேயில்லை. ரசீது நாலையும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு ஒருநாள் அதே குமாஸ்தா அந்தத் தந்திகளுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுக் கொடுத்தார். கைது செய்தது எந்தத் தேதி என்பதுதான் வழக்கில் தகராறாம். அந்த அம்மா மாதிரி பிறகும் பலர் வந்தார்கள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடிவந்த ஜோடிகள், சம்பளம் மறுக்கப்பட்டவர்கள், நிலத்தில் வேலி போட ஆள் திரட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே கலெக்டருக்குத் தெரிவித்துவைக்கிறவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த முத்திரை ஒரே மாதிரிதான் விழுந்தது.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, தந்தி ஆபீசிலிருந்து போன செய்தியும் அங்கே கொடுக்கப்பட்ட செய்தியும் ஒன்றுதான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது. கொடுத்த ஆள் யார் என்பதை மட்டும் அப்படி அனுமானிக்கக் கூடாது, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. சரிதானே, கவுண்டரில் நாங்கள் யாருக்கும் அடையாள அட்டை பார்த்ததில்லை. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்தபோது, உறவினர் வெளி மாவட்டத்தில் இருந்தால் கைது செய்த எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தகவல் போக வேண்டும் என்று எழுதியது. அந்தத் தீர்ப்பைப் பேப்பரில் படித்த அன்று எங்கள் ஆபீசில் கொஞ்சம் தலைநிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் அதற்குள் சரிவு தொடங்கிவிட்டது. 1985ல் நாடு முழுக்க 45,000 ஆபீஸ்கள், வருடத்துக்கு 6 கோடித் தந்திகள் என்று உச்சத்தில் இருந்த சேவை இது. அதே சமயத்தில்தான் தபாலையும் தந்தியையும் தனித்தனித் துறையாகப் பிரித்தார்கள். வீடு வீடாகப் போகிற கால் ஒரு துறைக்கும் கம்பி இன்னொரு துறைக்கும் போனது, அங்கேதான் முதல் விரிசல் என்று நான் நினைக்கிறேன். பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, 1995ல் செல்போன் வந்தது. 2000ல் அரசின் தொலைபேசி, தந்திச் சேவைகளை பி.எஸ்.என்.எல். என்று நிறுவனமாக்கியதும் லாபக் கணக்கு பார்த்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. 2011ல் கட்டணத்தை 27 ரூபாய்க்கு ஏற்றினார்கள், அதிலும் நிமிரவில்லை. வருமானம் வருடத்துக்கு 75 லட்சம், செலவு 100 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். மிஞ்சியிருந்தவை 75 ஆபீஸ்கள்.

நஷ்டம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவில் பெரும்பங்கு எங்கள் ஆட்களின் சம்பளம். சேவையை மூடியதும் அவர்களை பி.எஸ்.என்.எல்.லின் வேறு பிரிவுகளுக்குத்தான் மாற்றினார்கள், சம்பளம் அங்கேயும் கொடுத்தாக வேண்டும். பிறகு எதை மிச்சப்படுத்தினோம்? ராணுவத்துக்காரர் விடுப்பு, வங்கி, நீதிமன்றம், காவல் விவகாரம் என்று உண்மையாகவே தேவைப்பட்டவர்களுக்காவது ஒரு சின்ன ஏற்பாட்டை விட்டுவைத்திருக்கலாம்.

2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். ஊர் ஊராக வரிசை. பிள்ளைகளைக் கூட்டி வந்து, நினைவுக்கு இருக்கட்டும் என்று தங்கள் வீட்டு முகவரிக்கே தந்தி அடித்தார்கள். டிவியில் பார்த்தேன். பழைய சகாக்கள் ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டார்கள், யாருக்கும் அதிகம் பேச வரவில்லை. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் அன்பாகத்தான் வந்தார்கள். ஆனால் முந்தானையில் ரசீதை முடிந்துகொண்ட அந்த அம்மா போன்றவர்கள் அடுத்த வாரம் எங்கே போவார்கள் என்று அன்றைக்கு எந்த சேனலும் கேட்கவில்லை.

இப்போது எங்கே போகிறார்கள் என்று பழக்கமான வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். மின்னஞ்சல், வாட்ஸ்அப், விரைவு அஞ்சல் மூன்றையும் சேர்த்து அனுப்புகிறோம் என்றார். வாட்ஸ்அப் செய்தியையோ மின்னஞ்சலையோ அச்செடுத்து நீதிமன்றத்தில் வைக்க, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் வேண்டும். படித்தவருக்கே தலைசுற்றுகிற விஷயம். விரைவு அஞ்சலுக்கு ரசீது உண்டு, போய்ச் சேர்ந்ததற்குப் பதிவும் உண்டு, ஆனால் உறைக்குள்ளே என்ன எழுதியிருந்தது என்பது அஞ்சலகத்துக்குத் தெரியாது. வெறும் தாளைத்தான் அனுப்பினார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுபடி வாதாட வேண்டும். தந்தியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் நாங்கள் எண்ணித்தான் அனுப்பினோம்.

அஞ்சலகங்களில் கணினி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், முத்திரையும் இருக்கிறது. எழுதிக் கொண்டுவந்ததை வாங்கி, நேரம் பதித்து, ஒரு நகலை வைத்துக்கொண்டு, உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிற கவுண்டர் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். எங்கள் ஓய்வூதியர் கூட்டங்களில் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்வரை சொல்வேன்.