சேலத்துப் பள்ளிக்கூடமும் எங்கள் பிள்ளைகளும்

இலங்கை அகதிகள் முகாம் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூரையையும் தண்ணீர்க் குழாயையும் மாதாமாதம் அரசு தரும் பணக்கொடையையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் நீங்கள் எங்கே காலூன்றினீர்கள் என்று என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் என்பேன். அதிலும் பாடம் நடந்த வகுப்பறையைவிட, காலைப் பிரேயரும் ஆண்டு விழா மேடையும் விளையாட்டு மைதானமும்தான் எங்களை இந்த ஊர்க்காரர்கள் ஆக்கின.

நான் இலங்கையில் மன்னார்த் தீவின் பேசாலைக்காரி. 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியபோது எங்கள் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் 30 கிலோமீட்டருக்குள்தான். மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றினார்கள். சேலம் என்று சொன்னார்கள். அது எந்தத் திசை என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விடிந்து பார்த்தால் கடல் இல்லை, உப்புக்காற்று இல்லை. ஒரு பக்கம் கஞ்சமலை, சுற்றிலும் சோளக்காடு, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தாரமங்கலம் பக்கம் இரவிலும் அந்தச் சத்தம் ஓயாது. அம்மா பல நாள் தூங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேரும்போது என்னிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லை. படகேறுகிற அவசரத்தில் யார் அதை எடுத்து வைப்பார்கள்? தலைமை ஆசிரியை முகாமிலிருந்து கொண்டுபோன கடிதத்தைப் பார்த்தார். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், பின்னத்தில் இரண்டு கணக்கு கொடுத்தார். "எட்டாவதுல உக்காரு கண்ணு" என்றார். அவ்வளவுதான் சேர்க்கை. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் தைக்கத் துணி வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதுவரை ஊரிலிருந்து உடுத்தி வந்த கவுனோடுதான் வகுப்பில் இருந்தேன். மதியம் சத்துணவு. மீன் இல்லாத சோறு சாப்பிடப் பழகியது அங்கேதான்.

நான் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சுற்றி நின்று கேட்பார்கள். "இன்னொருக்கா சொல்லு" என்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் எங்கள் தமிழ் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பிரேயரில் குறள் சொல்ல நிறுத்தினார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து உறுதிமொழி எடுத்ததும் ஒரு குறளும் பொருளும் சொல்ல வேண்டும். அப்புறம் செய்தி வாசிக்கச் சொன்னார். அந்த வருட ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. பரிசு என்றால் ஒரு எவர்சில்வர் டம்ளர்தான். பள்ளியின் பெயரை அதில் வெட்டியிருந்தார்கள்.

மேடைக்குக் கூப்பிட்டபோது அம்மாவுக்கு விளங்கவில்லை. மைக் சத்தத்தில் பெயர் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தறிக்காரர் வீட்டு அக்காதான் அம்மாவின் தோளைத் தட்டினாராம். "உங்க புள்ள பேரத்தான் சொல்றாங்க சாமி, எந்திரிச்சுப் பாருங்க!" அம்மா எழுந்து நின்று பார்த்தார். அதற்கு முன்னால் எங்கள் பெயர்களை ஒருவர் உரக்க வாசித்தது பதிவு நாளிலும் பணக்கொடை நாளிலும்தான். பெயரைக் கேட்டதும் போய் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் முன்னால் ஆளைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டு விழாவில் அதே பெயரை வாசித்தார்கள், ஊரே கை தட்டியது. மறுநாள் அந்த அக்கா முகாம் வாசல்வரை வந்து அம்மாவைத் தன் வீட்டுக்கு நூல் சுற்றும் வேலைக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் வேலை அதுதான்.

பேசாலையில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் கொண்டாட்டம் உண்டு. பிள்ளைகளை இல்லங்கள் என்று அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சே இருக்காது. ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு நிறம், ஒரு கொட்டகை. குருத்தோலைத் தோரணம் கட்டி, வாசலில் ஏதாவது ஒரு சிற்பம் செய்து வைப்போம். அணிநடை, வினோத உடை, கடைசியில் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் ஓட்டம். எந்த இல்லம் வென்றது என்று கடற்கரையில் வலை பொத்துகிறவர்களும் விசாரிப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஊர் கூடுவது இங்கேயும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பயம் தெளிந்தது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் மாலைப் பேப்பரில் நம்பர் போடுவார்கள். முகாமுக்கு ஒரே ஒரு பேப்பர். டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்து ஒருவர் விரலை ஓட்ட, மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். யாருடைய நம்பர் இருந்தாலும் முகாமே சர்க்கரை வாங்கிப் பங்கு வைக்கும். ஃபெயிலான பிள்ளையையும் கூட்டி வந்து வாயில் போடுவார்கள். இப்போது போனில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

2017இல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. பலருக்கு வருத்தம். எனக்குச் சந்தோஷம். மாவட்டத்தில் ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினால் மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் அன்றைக்குத் தலை குனிந்துதான் நிற்பார்கள். தனியார் பள்ளிகள் இன்னமும் வாசலில் ஃபிளக்ஸ் வைத்து மார்க்கும் படமும் போடுகின்றன. அதில் ஓடுகிற பிள்ளைக்கும் பாடுகிற பிள்ளைக்கும் இடமில்லை.

ஆனால் மார்க் மட்டுமே பெரிதில்லை என்ற பாடத்தைச் சேலம் மாவட்டத்துக்குத் தனியாக யாரும் நடத்த வேண்டியதில்லை. தீவட்டிப்பட்டிப் பக்கம் பெரியவடகம்பட்டியில் அரசுப் பள்ளியில் படித்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் மோதி ஒரு கால் நசுங்கிய பிள்ளை. தாய் காய்கறி விற்றவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். எங்களுக்கு இன்னும் பக்கம் சின்னப்பம்பட்டி. அந்த ஊர் நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசினார். 2021 ஜனவரியில் திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம். முகாமிலிருந்து பையன்கள் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போனது அவர்களுக்குப் பெரிய விஷயம். எங்கள் பையன்களில் பாதிப்பேர் பள்ளி விட்டதும் தறிக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறவர்கள்.

இப்போது என் மகள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் வென்றால் கலையரசன், கலையரசி என்று பட்டம். மகளின் வகுப்புப் பிள்ளைகள் நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். எல்லாக் குழுவும் சினிமாவில் வந்த மெட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மம்மா பாடுவது போல ஒன்று பாடலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னது அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கும்போது எங்கள் ஆட்கள் பாடுவது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு வலிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிக் காட்டினார்கள். குரல் நன்றாகத்தான் இருந்தது. அம்மா தலையை ஆட்டவே இல்லை. "கயிறு கையில இல்லாம அம்பா வராது பிள்ளையள்" என்றார். பி.டி. டீச்சர் அறையைத் திறந்து கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருக்கும் தடித்த வடத்தை எடுத்து வந்தார். மைதானத்து வேப்ப மரத்தில் ஒரு முனையைக் கட்டினார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகப் பிடித்தார். இடது காலை மண்ணில் ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, மூச்சு விடுகிற இடத்தில் சொல்லை நிறுத்தி, இழுக்கிற இடத்தில் ஏலோ. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் காட்டுவேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான், வலையைக் கண்டவர்கள் இல்லை. நாலைந்து தடவை இழுத்ததும் பாட்டு தானாக இறங்கிவிட்டது. பாட்டை எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்குமேல் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை எரிகிறது என்று சிரித்துக்கொண்டே மறுபடி மறுபடி இழுத்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

பள்ளியிலும் வட்டாரத்திலும் முதலிடம் வந்தது. மாவட்டத்தில் வேறு பள்ளி வென்றது, அவர்கள் பறையோடு வந்து அருமையாகச் செய்தார்கள். எங்கள் பிள்ளைகளும் அழாமல் கை தட்டிவிட்டுத்தான் வந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் தலைமை ஆசிரியை குழுவை முன்னால் கூப்பிட்டு, பேசாலைக் கடற்கரைப் பாட்டு என்று ஊர்ப் பெயரோடு சொல்லிப் பாராட்டினாராம். மகள் வந்து சொன்னாள். அம்மா அந்த ஊர்ப் பெயரைச் சொன்னார்களா, சொன்னார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இவ்வளவு நன்மை செய்த ஊரில் ஒரு கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் மகள் சேலத்தில் பிறந்தவள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றும், 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கடுமையாகவும் சட்டம் இருப்பதால் அவளுக்குக் குடியுரிமை இல்லை. அரசு ஒதுக்கீட்டில் மருத்துவம் படிக்க முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2021 ஆகஸ்டில் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புது வீடுகள் அறிவித்தார்கள், பொறியியல் கலந்தாய்வில் தேர்வாகும் முதல் 50 முகாம் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றார்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனாலும் மேடையில் ஏற்றிக் கை தட்டிய பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் போவது அநியாயம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியை எங்கள் முகாம் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

புதிதாகப் பள்ளிக்கூடம் சேரும் முகாம் பிள்ளைகளின் தாய்மாருக்கு நான் ஒன்று சொல்வேன். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை, ஆண்டு விழாவுக்குப் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். பின்வரிசையில் உட்காராதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பரிசு இல்லாவிட்டாலும் மற்றப் பிள்ளைகளுக்குக் கை தட்டுங்கள். மாலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நடத்தும் டியூஷனில் படிக்கும் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு போட்டி போடட்டும், அவர்களிடம் தோற்கவும் செய்யட்டும். அப்படித்தான் சிநேகிதம் வருகிறது.

எங்கள் காலத்தில் அந்தப் பள்ளியில் படித்த முகாம்காரர்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டிருக்கிறோம். சிலர் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள், ஒருத்தி கனடாவில். ஆண்டு விழாவில் எங்கள் பெயரில் ஒரு பரிசு. மார்க்குக்கு இல்லை, வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு. செவ்வாய்ப்பேட்டையில் நாங்களே போய் ஒரு டிபன் கேரியர் வாங்கி, பெயர் வெட்டக் கொடுத்தோம். முதல் தடவை அதை வாங்கியவள் ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரின் மகள். கொடுத்தது என் அம்மா. ஓட்டப் பந்தயத்துக்கும் ஒன்று தரலாமே என்று கனடாக்காரி கேட்கிறாள். அடுத்த மாதம் பி.டி. டீச்சரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.