திடீர் மறதியும் உடன் வந்தவரின் சொல்லும்

பினாங்கில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, திடீரென்று மறதி கண்டு வருபவரின் நோயைக் கண்டறிவதில் ஸ்கேன் படத்தைவிட உடன் வந்தவரின் வாய்மொழியே பெரும்பாலும் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

தைப்பூசத்தை ஒட்டிய ஒரு நாளில், தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறி இறங்கி, வீட்டில் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு வந்த, அறுபதைக் கடந்த ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். பேச்சில் குழறல் இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் தடுமாறாமல் ஒப்பித்தார். ஆனால், "நான் எப்படி இங்க வந்தேன்? வண்டிய யார் ஓட்டினா?" என்று கேட்டு, மனைவி சொன்ன பதிலுக்குத் தலையாட்டிவிட்டு, சற்று நேரத்தில் அதே சொற்களில், அதே தொனியில் மறுபடியும் கேட்டார். "வீட்லேர்ந்து இதையேதான் கேட்டுக்கிட்டு வர்றாரு டாக்டர்" என்றார் அந்த அம்மா.

எங்கள் தாதி முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்த நிலையில், விரதம் இருந்தபடியே மாத்திரை விழுங்கியவரின் தாழ்சர்க்கரையைத் தவறவிடுவது மன்னிக்க முடியாதது. இவருக்கு அளவு சரியாக இருந்தது. பிறகு குடை, சாவி, வாழைப்பழம் என்று மூன்று சொற்களைச் சொன்னேன். உடனே திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, அப்படிச் சில சொற்களை நான் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை.

இந்தத் தோற்றத்துக்குத் தற்காலிக முழு மறதி என்று பெயர். இப்பெயரை ஃபிஷர், ஆடம்ஸ் ஆகிய நரம்பியல் மருத்துவர்கள் 1964-இல் நிலைபெறச் செய்தனர். 1990-இல் ஹாட்ஜஸ், வார்லோ இருவரும் வகுத்த அளவுகோல்களில், மறதி கண்ட நேரத்தில் உடனிருந்து பார்த்த ஒருவர் விவரம் தர வேண்டும் என்பதும் ஒன்று. தன் பெயரும் அடையாளமும் மறந்திருக்கக் கூடாது, தலையில் அண்மையில் அடிபட்டிருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் தெளிய வேண்டும் என்பவை மற்றவற்றுள் சில. கடும் உடலுழைப்பு, குளிர்நீர், மன அதிர்ச்சி ஆகியவை இதைத் தூண்டுவதுண்டு.

ஆகவே அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டேன். கடைசியாக எப்போது சரியாகப் பேசினார்? விழுந்தாரா? கை கால் இழுத்ததா, வாயை மென்றுகொண்டே இருந்தாரா? தூக்க மாத்திரை உண்டா? இதற்கு முன் உறங்கி எழும்போது இப்படி மறந்ததுண்டா? கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்து, பெரும்பாலும் விழித்தெழும்போது திரும்பத் திரும்ப வருவது வலிப்பு சார்ந்த மறதி. மூளையின் பின்புறத் தமனி அடைத்தாலும் மறதி வரும், அப்போது பார்வையில் ஒரு பக்கமும் மறையக்கூடும் என்பதால் பார்வைப் புலத்தையும் சோதித்தேன். பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டுமாதலால் இதில் தாமதிக்க இயலாது. எம்ஆர்ஐ படத்திலோ, மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸில் தென்படும் சிறு புள்ளி பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே தெளிவாகும். முதல் சில மணி நேரத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்துவிட முடியாது.

துணையின்றி வருபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. தெருவோரத்திலிருந்து கொண்டுவரப்படும் தொழிலாளியின் மறதியை யாரும் பார்க்காதவரை, அதற்குத் தற்காலிக முழு மறதி என்று பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. தலைக்காயம், மூளையழற்சி, சம்சு எனும் மலிவுச் சாராயக் குடியால் வரும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு என ஒவ்வொன்றையும் விலக்கியாக வேண்டும். தயமின் ஊசியைச் சந்தேகம் எழுந்தவுடனேயே போட்டுவிடுகிறேன்.

அன்று இரவுக்குள் அவர் தெளிந்தார். அடுத்த முறைப்பணிக்கு வந்த மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க, மனைவி சொன்னவற்றை அவருடைய சொற்களிலேயே, நேரக் குறிப்புடன் நோயாளிக் கோப்பில் எழுதி, அந்த அம்மாவின் கைப்பேசி எண்ணையும் முதல் பக்கத்தில் குறித்து வைத்தேன்.