தாடையோரப் பருவும் தள்ளிப்போன மாதவிடாயும்

இருபதைத் தாண்டியும் தாடையோரத்திலும் மோவாயிலும் தொட்டாலே வலிக்கிற பருக்கள் வந்துகொண்டிருந்தால், மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனால், முகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அது பி.சி.ஓ.எஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. "உடம்புச் சூடு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி" என்றார் பெரியம்மா. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

மேற்கு மாம்பலத்தில் நான் பார்த்த ஸ்கின் டாக்டர் க்ரீம் எழுதவில்லை. "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் பின்னலை ஒதுக்கச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்த்தார். அழுக்கு என்று அம்மா பீர்க்க நாரால் தேய்த்துவிடும் இடம், தடித்துக் கறுத்திருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது என்றார். உடம்பில் இன்சுலின் கூடும்போது சினைப்பையில் ஆண்ட்ரோஜன் என்கிற ஆண் ஹார்மோன் சுரப்பும் கூடுகிறது; அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது.

ஹார்மோன் பரிசோதனைக்கு மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காலையில் வரச் சொன்னார்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். திகட்டும், ஆனால் குடித்துவிடலாம். சினைப்பையைப் பார்க்கும் ஸ்கேன்தான் சிரமம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண்களே, பயப்படாதீர்கள்: ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் வைத்தே பார்க்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பைக்குள் முதிராத சின்ன முட்டைப்பைகள் நிறைய இருப்பது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்று பார்த்த பிறகு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ் என்பது 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் மருத்துவர்கள் கூடி வகுத்த வரையறை. எனக்கு முதல் இரண்டும் இருந்தன.

இரவில் பருவுக்குப் பூசும் அடாபலீன் ஜெல், லேடி டாக்டர் தந்த ஹார்மோன் மாத்திரை, நடேசன் பூங்காவில் நடை. முகம் தெளிய மாதங்கள் ஆயின. பொறுமை வேண்டும். அவசரப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த வெள்ளைப்பூச்சு க்ரீம் வாங்காதீர்கள், அதுவே பருவைக் கிளப்பும். செலவுக்குத் தயங்கினால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மருந்து எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டுமே கர்ப்பத்தில் கூடாது.