அப்பாவின் காரும் ஹெட் கேஸ்கெட் சந்தேகமும்

மே 4, 2024, சனி

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்கைக் கடந்தபோது, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கார் அப்பா 1997-இல் வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அருகில் நின்ற டீக்கடைக்காரர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, கொதிநீரோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து திறந்தபோது, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடித்தது. வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டுக்கூடக் கசிவில்லை.

மே 5, ஞாயிறு

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வந்து ஆயில் மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் மோர் கலந்தாற்போல் வெளுத்த பசை ஒட்டியிருந்தது. "தம்பி, கேஸ்கெட் போயிடுச்சு. ஹெட்டை இறக்கிட வேண்டியதுதான்" என்றார். சிலிண்டர்களின் மேல்மூடிதான் ஹெட், அதற்கு அடியில் எரியறை, நீர்ப்பாதை, எண்ணெய்ப்பாதை மூன்றும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். அது பழுதானால் நீர் எண்ணெயில் கலந்து இப்படிப் பசையாகலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடந்த சில மாதங்களாக இந்தக் கார் கடைவீதிக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. இன்ஜின் முழுச் சூட்டை எட்டாத குறுகிய ஓட்டங்களில், காற்றிலுள்ள ஈரம் மூடியில் படிந்து இதே பசையை உண்டாக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாகவே இருந்தது. இரவு முழுதும் வண்டியை அசைக்காமல் நிறுத்திவைத்து, காலையில் இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் (சம்ப்) போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்க முடிவு செய்தேன். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், இருந்தால் அதுதான் முதலில் இறங்கும்.

மே 6, திங்கள்

முதலில் இறங்கியது எண்ணெய்தான், தண்ணீர் இல்லை. சூடேறியதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சமையலறைப் பாத்திரத்தில் கொதிக்கவைத்தேன். அதில் பொறித்திருந்த 82 டிகிரியை ஒட்டியே திறந்தது. மின்விசிறியும் சரியாகச் சுழன்றது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் மட்டும் வெடித்திருந்ததால் புதியது மாற்றினேன். இதோடு தீர்ந்துவிட வேண்டுமென்று உள்ளூர வேண்டிக்கொண்டேன்.

மே 8, புதன்

தீரவில்லை. இன்று காலை இன்ஜின் முற்றிலும் ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்தபடி நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குழாய் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே கல்லாக இறுகிவிட்டது. சூடு ஏறாமலே அழுத்தம் ஏறுகிறதென்றால், அது நீராவியின் வேலையாக இருக்க முடியாது. எரியறையின் புகை நீர்ப்பாதைக்குள் புகுகிறது என்ற ஐயம் எனக்கு அப்போதுதான் உறுதிப்படத் தொடங்கியது.

மே 11, சனி

கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம், பார்த்தோம். மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து ஸ்டார்ட்டரால் சுழற்றி எடுத்த அளவுகள் 160, 155, 160 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). மூன்றும் ஏறக்குறைய சமம். "கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு போல" என்று அண்ணன் இப்போது தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சிலிண்டருக்கும் நீர்ப்பாதைக்கும் இடையிலான கசிவு மயிரிழை அளவினதாக இருந்தால், ஸ்டார்ட்டர் சுழற்றும் மெதுவான ஓட்டத்தில் அது அளவியில் தெரியாமலே போகலாம். எரிதலின்போது எழும் பன்மடங்கு அழுத்தத்தில்தான் வழிவிடும்.

மே 12, ஞாயிறு

புகையைக் கண்டறியும் நீல நிறத் திரவத்தைக் குழலில் ஊற்றி ரேடியேட்டர் வாயில் பொருத்தினோம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழலுக்குள் ஏறிவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும் என்பதால், அதன் மட்டத்தை முன்பே குறைத்திருந்தோம். கரியமிலவாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். முதலில் பச்சை, பிறகு தெளிவான மஞ்சள். நம்ப மனமின்றிப் புதுத் திரவம் ஊற்றி மறுபடியும் செய்தோம், அதே மஞ்சள்.

பின்னர் ஒவ்வொரு பிஸ்டனையும் வால்வுகள் மூடியிருக்கும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தினோம். இரண்டாவது சிலிண்டரில் செலுத்தியபோது மட்டும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. கேஸ்கெட்டா, ஹெட்டில் விரிசலா என்பதை இறக்கினால்தான் அறிய முடியும். ஆனால் இப்போது காரணத்தோடு இறக்குகிறோம்.

மே 18, சனி

ஹெட் இறங்கியது. ஒன்றாம், மூன்றாம் பிஸ்டன்கள் கரி படிந்து கறுத்திருக்க, இரண்டாவது மட்டும் ஒரு பக்கம் நீராவி கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தது. கேஸ்கெட்டில் அந்தச் சிலிண்டரின் உலோக வளையத்திலிருந்து பக்கத்து நீர்த்துளை வரை, சுண்டுவிரல் நக அகலத்தில் ஒரு கருந்தடம். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்தால் நடுவில் இடைவெளி அளக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் தகடு தடையின்றி நுழைந்தது, ஹெட் அவ்வளவு வளைந்திருந்தது. 0.05-க்கு மேல் கூடாது. லேத் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்ததில் விரிசல் இல்லை என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்த (ஃபேஸிங்) கொடுத்தோம்.

ரேடியேட்டரையும் கழற்றிப் பார்த்தேன். கீழ்ப்பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைந்திருந்தன. நாங்கள் ஆண்டுக்கணக்காகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தோம். இதைச் சரிசெய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த கோடையில் அதுவும் போயிருக்கும்.

மே 25, சனி

புதிய ரேடியேட்டர், பாதிக்குப் பாதி வடிநீர் கலந்த கூலன்ட், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்கிய போல்ட்டுகள். காலை ஆறு மணிக்கு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதே மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் கழித்தும் அது கையில் மெத்தென்றே இருந்தது.