பியர் வரை போகிற கோச்சி

ஜனவரி 5

மன்னாருக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. நானும் அம்மாவும் மட்டும். பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அந்த மாதத்தை யோசித்துத்தான் எடுத்தேன். மாரி மழை ஓய்ந்திருக்கும், ஏப்ரல் வெயில் இன்னும் வந்திருக்காது, மே பிறந்தால் அடிக்கத் தொடங்குகிற சோழகக் காற்றும் இல்லை. பூநாரைகளும் மார்ச் வரை நிற்கும்.

இரவு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். கட்டுக்கரைக் குளம், வங்காலைச் சரணாலயம், திருக்கேதீஸ்வரம், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பள்ளிமுனைப் பெருக்க மரம், மடு மாதா கோயில். நேரம் இருந்தால் தலைமன்னார், முன்பு இந்தியாவுக்குக் கப்பல் போன பியர் (கப்பல் துறை) இருக்கிற இடம்.

ஜனவரி 8

தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பியருக்கு என்னைக்குப் போறோம்?" என்றார். கடைசி நாள், முடிந்தால், என்றேன். "அக்கா கப்பலேறின எடத்தப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றார்.

பெரியம்மா 1973இல் இந்தியாவுக்குப் போனவர். 1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்க வேண்டும். பெரியப்பா வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்த அக்காவும் தங்கையும் இப்படித்தான் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அம்மாவுக்கு அப்போது 9 வயது. ஹட்டன் ஸ்டேஷன் வரை வழியனுப்பப் போயிருக்கிறார். ரயிலை நாங்கள் கோச்சி என்போம், அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். உள்ளே இருப்பவர்களும் பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் ஒன்றாக அழுத அழுகை அது. கோச்சி வளைவில் திரும்பியதோடு அம்மாவுக்குத் தெரிந்த கதை முடிந்துவிட்டது. அதற்கப்பால் கடிதங்கள்தான். முதல் கடிதம் மண்டபம் முகாமில் இருந்து, மற்றவை கூடலூரில் இருந்து. சிலோனில் இருந்து போனவர்களுக்காகவே நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு தேயிலை போட்டிருந்தது. இங்கே பறித்த கொழுந்தைத்தான் அங்கேயும் பறித்தார்.

போன வருஷம் பெரியம்மா இறந்துபோனார். அம்மா அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 12

எப்படிப் போவது? வேன் பிடித்தால் புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக ஒரே மூச்சில் போய்விடலாம், அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. தம்பியும் அதைத்தான் சொன்னான். ஆனால் அம்மா கோச்சிதான் என்கிறார்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எனக்கும் புரிந்தது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இருந்து புறப்படுகிற தலைமன்னார் ரயில் பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையை விட்டு வடக்கே திரும்புகிறது. ஹட்டனில் இருந்து இறங்கி வந்த கோச்சியும் அங்கேதான் திரும்பியிருக்க வேண்டும், வேறு பாதை கிடையாது. அப்படியென்றால் பொல்காவலைக்கு அப்பால் குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன் எல்லாம் பெரியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர்கள். சரி, வேன் வேண்டாம்.

தண்டவாளம் மட்டும் பழையது இல்லை. 1990இல் யுத்தத்தோடு அந்தப் பாதை நின்றுபோனது. மதவாச்சியில் இருந்து தலைமன்னார் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் புதிதாகப் போட்டு 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். கடைசி ஸ்டேஷனின் பெயர் இன்றைக்கும் தலைமன்னார் பியர்.

ஜனவரி 20

மன்னார் டவுனில் ஒரு விடுதியில் அறை சொல்லி முற்பணமும் கட்டியிருந்தேன். இன்று கூப்பிட்டு, அந்த வாரம் ஒரு பெரிய குழு வருகிறது, அறை இல்லை என்கிறார்கள். காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. இவ்வளவு முன்பே சொல்லி வைத்ததற்கு இதுதான் மரியாதையா? கோபம் அடங்கவில்லை.

கூட வேலை செய்கிற மன்னார்ப் பிள்ளையிடம் சொன்னேன். "அக்கா, நீங்க ஏன் வெளிய தேடுறீங்க, எங்கட பெரியம்மா வீட்ட நில்லுங்கோ" என்றாள். பெரியம்மா என்ற சொல்லைக் கேட்டதும் என்னால் மறுக்க முடியவில்லை. வீடு தலைமன்னார்ப் பக்கமே இருக்கிறது. டவுனில் தங்கியிருந்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கும். தண்ணீர் உப்புக் கலந்திருக்கும், குடிக்கப் போத்தல் வாங்குங்கள், பியர் பக்கம் நிழலே இல்லை, காலையில் போங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

ஜனவரி 29

டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவுக்கு ஜன்னல் சீட்.

திருக்கேதீஸ்வரத்துக்கு இரண்டாம் நாள். சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு போய்ச் சனங்களே லிங்கத்துக்கு ஊற்றுவார்கள், அந்தக் கூட்டத்தை அம்மா தாங்கமாட்டார், அதனால் அதற்கு முன்பே. பூநாரை, பெருக்க மரம், கோட்டை எல்லாம் அப்புறம்தான். மடுவைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

இன்னொன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோப்பித் தோட்டக் காலத்தில் எங்கள் முன்னோர் இந்தியாவில் இருந்து வந்து இறங்கியதும் மன்னார்க் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள், வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அதன் நினைவாக 2023இல் மலையகத்தார் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தபோது நான் போகவில்லை, ஆபீஸ் வேலை என்று இருந்துவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது.

பெப்ரவரி 9

இரவு அம்மா என் அறைக்கு வந்தார். பியரில் நின்றால் அந்தப் பக்கம் தெரியுமா என்று கேட்டார். தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது அம்மா என்றேன். "தெரியாட்டிப் பரவாயில்ல" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் சாப்பாட்டுப் பேச்சு வந்தது. ரயிலில் விற்கிற வடை போதும் என்று நான் சொன்னதை ஏற்கவில்லை. அன்றைக்குப் பாட்டி ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டி ஜன்னல் வழியாகப் பெரியம்மா கையில் கொடுத்தாராம். அதையேதான் கொண்டு போக வேண்டுமாம். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து சுடப் போகிறார்.

நாளைக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் இரண்டு தேங்காய், ஒரு கட்டு வாழையிலை.