வெளுத்த புள்ளைக்கெல்லாம் அயன் டானிக் குடுக்காதீங்க

எங்க அக்கா மகனுக்கு தலசீமியா, பரம்பரையா வர்ற ரத்த வியாதி, ஒடம்பு நல்ல ரத்தத்த ஒழுங்கா உண்டாக்காது. கைக்குழந்தையா இருக்கும்போதே கண்டுபிடிச்சிட்டாங்க, அதுலருந்து இங்க மலேசியாவுல ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப்போயி மாசா மாசம் ரத்தம் ஏத்தறாங்க. சுங்கை சிப்புட் டவுன்ல அவன யாரு பாத்தாலும் “ஏம்மா புள்ள இப்படி வெளுத்துப்போயி இருக்கு, முருங்கக்கீர ஆக்கிக்குடு, ஃபார்மசில அயன் டானிக் வாங்கிக்குடு”ன்னுதான் சொல்றாங்க. பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அவனுக்கு இரும்பு கம்மியே இல்ல, ஒடம்பு தாங்காத அளவுக்கு சேந்துக்கிட்டே வருது.

ஏத்தற ஒவ்வொரு பை ரத்தத்துலயும் 200லருந்து 250 மில்லிகிராம் இரும்பு இருக்கு. நம்ம ஒடம்பு ஒரு நாளைக்கு வெளிய விடறது 1, 2 மில்லிகிராம்தான், கூடிப்போனத கழிக்க அதுக்கு வழியே கெடையாது, அதனால மிச்சமெல்லாம் ஈரல்லயும் இதயத்துலயும் கணையத்துலயும் போயி தங்கிடுது. சக்கர வியாதி வருது, வயசுக்கு வர்றது தள்ளிப்போவுது, இதயம் கெட்டா உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் முத்தற வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது, எனக்கு அதான் பயம். ஒடம்புல எவ்வளவு இரும்பு சேந்திருக்குன்னு காட்டற ஃபெரிட்டின் ரத்த டெஸ்ட்டுல 1000த்த தாண்டுனா பொதுவா இரும்ப வெளியேத்தற மருந்து ஆரம்பிப்பாங்க, இதயத்துல சேந்தத பாக்க எம்ஆர்ஐ ஸ்கேன் இருக்கு.

அந்த மருந்து முன்னாடி டெஸ்ஃபெரல் ஊசிதான், வயித்துத் தோலுக்கடியில சொருகி சின்ன பம்ப்ப மாட்டிவிட்டு ராத்திரி 8லருந்து 12 மணி நேரம், வாரத்துல 5 நாளாவது. புள்ளைங்க எப்படித்தான் தூங்குச்சுங்களோ. இப்ப டெஃபெராசிராக்ஸ், கரைச்சு குடிக்கற மாத்திர. காலையில வெறும் வயித்துல அக்கா ஆரஞ்சு ஜூஸ்ல கலக்கிக்குடுப்பாங்க, குடிச்சதும் கிளாஸ் அடியில சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும், அதுவும் மருந்துதான், கொஞ்சம் தண்ணி ஊத்தி அலசி அதையும் குடிக்க வெச்சிட்டுதான் விடுவாங்க, அரை மணி நேரம் கழிச்சுதான் பசியாற. கிட்னி டெஸ்ட்டு, ஈரல் டெஸ்ட்டு தவறாம எடுக்கணும். இரும்ப எடுக்க டெஃபெரிப்ரோன்னு இன்னொரு மருந்தும் இருக்கு, அத சாப்புடற புள்ளைங்களுக்கு காய்ச்சல் வந்தா வீட்டுல பனடோல் குடுத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி, ஏன்னா கிருமிய எதிர்க்கற வெள்ளணு படக்குன்னு எறங்கிடலாம்.

சோத்தோட தே ஓ, அதான் பாலில்லாத தேத்தண்ணி, குடிச்சா ஒடம்புல சேந்த இரும்பு கொறஞ்சிடும்னு ஒரு பேச்சு ஓடுது. சாப்பாட்டுல உள்ள இரும்பு ஒடம்புல ஒட்டறத தேத்தண்ணி கொறைக்கும், உண்மைதான், ஆனா ஏத்துன ரத்தத்துல வந்தத அது தொடவே தொடாது.

இது மலாய்க்காரங்க, சீனவங்க வியாதின்னு நெனைக்காதீங்க, நம்மாளுங்கள்லயும் கேரியர், அதாவது வியாதி வராம அதோட மரபணுவ மட்டும் சுமக்கறவங்க, இருக்காங்க. அப்பா அம்மா ரெண்டு பேருமே பீட்டா தலசீமியா கேரியர்னா ஒவ்வொரு புள்ளைக்கும் இந்த வியாதி வர 25 விழுக்காடு வாய்ப்பு. ஃபாரம் 4 புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல தலசீமியா டெஸ்ட்டு எடுக்க சம்மதக் கடுதாசி குடுத்துவிட்டா தயவுசெஞ்சு கையெழுத்து போட்டுடுங்க. கேரியருக்கும் ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், அத வெச்சு இரும்பு கம்மின்னு சொல்லிட முடியாது, அதனால டானிக் வாங்கறதுக்கு முன்னாடி, ஃபெரிட்டின் பாத்தாச்சா டாக்டர்னு கேட்டுடுங்க.