கடைசி எழுத்து

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஹ்மாங் மாணவர்களுக்கு (லாவோஸ் முதலிய தென்கிழக்கு ஆசிய மலைப்பகுதிகளைச் சேர்ந்த இனம்) ஆங்கிலம் வாசிக்கத் துணைநின்ற தொடக்க நாட்களில், அவர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவதைக் கவனக்குறைவு என்றே தவறாக எண்ணியிருந்தேன். 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மதபோதகர்கள் ஹ்மாங் மொழிக்கு வகுத்த ரோமன் எழுத்துமுறையில், இறுதியில் நிற்கும் மெய்யெழுத்து ஒலிக்கப்படுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டவே அது அங்கே நிற்கிறது. ‘போ’ என்னும் ஓரசையின் முடிவில் ‘பி’ வந்தால் பந்து, ‘எஸ்’ வந்தால் முள், ‘ஜி’ வந்தால் அப்பத்தா.

வினைச்சொல்லும் அங்கே காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ‘நேற்று’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அப்படியிருக்க, கட்டுரைத் தாளில் ‘நேற்றுப் போகிறேன்’ என்னும் வகை வாக்கியங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தருவதால் மட்டும் (நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்) யாருக்கு என்ன விளங்கப்போகிறது?

2004இல் தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு மாணவிதான் இதை எனக்குப் புரியவைத்தாள். ‘அப்பத்தா’ என்பதைத் தன் மொழியில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னாள். நான் ‘போக்’ என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.